தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் வராமல் தடுக்க, வேலையை எங்கே தொடங்குவது?

ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கழிப்பறைக்குப் பின்னால் துண்டு பீடியைப் பற்ற வைத்தபோது பிடிபட்டான். டாக்டர் ஒருவரை அழைத்து, புற்றுநோய்ப் படங்கள் காட்டி, விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தலாம் என்பது தலைமையாசிரியரின் யோசனை. ஆசிரியைக்கு இரண்டு சந்தேகம். இவ்வளவு சின்னப் பிள்ளைகளிடம் பேசினால், தெரியாததை நாமே தெரிய வைத்ததாகிவிடாதா? பேசித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த ஒரு கூட்டம் போதுமா?

முதல் சந்தேகத்துக்குப் பதில்: ஆகாது, தாராளமாகப் பேசலாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவதற்கு: போதாது. கூட்டம் நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பையனுக்கு எதுவும் மாறியிருக்காது. இந்த வயதில் புகையைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி பெரியவர்கள் செய்ய வேண்டியது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

முதலில் வயது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் நாடு முழுக்கப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு எண். ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தவர்களில், சிகரெட் என்றால் 38 சதவீதம், பீடி என்றால் 47 சதவீதம், வாயில் போடும் புகையிலை என்றால் 52 சதவீதம் பேர் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொட்டவர்கள். அதாவது நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். உயர்நிலைப் பள்ளியில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நாம் காத்திருக்கும்போதே, தொட்டுப் பார்க்கப்போகிற பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தொட்டு முடித்துவிடுகிறார்கள்.

2004-ல் சென்னை, டெல்லிப் பள்ளிகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆறாம் வகுப்பில் கால்வாசிப் பேர் எப்போதாவது புகையிலையைத் தொட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது 9 சதவீதம்தான். பெரிய பிள்ளைகளைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். வழக்கமாக நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

'ஒரு இழுப்புதானே, விளையாட்டுக்குச் செய்திருப்பான்' என்று விட்டுவிடவும் முடியாது. லண்டன் பள்ளிகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. பதினோரு வயதில் ஒரே ஒரு சிகரெட் பிடித்துப் பார்த்து, பிறகு தொடாமலே இருந்த பிள்ளைகள்கூட, மூன்று ஆண்டுகள் கழித்து புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. அதற்காக அந்தப் பையனைக் குற்றவாளியாகப் பார்க்கச் சொல்லவில்லை. அவன் மேல் சில வருடங்களுக்கு ஒரு கண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பாடம் நடத்தினால் போதாதா? இதை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களை எடுத்து, 1984-ல் தொடங்கி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பாதி மாவட்டங்களில் மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 65 பாடங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நண்பர்கள் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்த, ஒழுங்காகத் தயாரித்த பாடங்கள். 2000-ல் முடிவு வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கையில் தினமும் புகைத்தவர்களின் அளவில் இரு பக்கமும் வித்தியாசமே இல்லை. 65 பாடங்கள் செய்யாததை ஒரு மதிய நேரத்துப் புற்றுநோய்ப் படக் கூட்டம் செய்யும் என்று நம்ப எனக்கு வழியில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வருடம் கழித்து வரும் நோய் என்பது கதையில் வரும் பூதம் மாதிரி. அன்று ராத்திரி பயப்படும், மறுநாள் மறந்துவிடும். அதைவிட ஒரு சங்கடமும் உண்டு. அப்பா பீடி பிடிப்பவர் என்றால், அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க யாரும் அதற்குக் கற்றுத் தருவதில்லை.

இதே ஆய்வுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. அதைத்தான் நான் எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்வேன். பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அப்பா அம்மா இருவரும் புகைப்பதை விட்டிருந்தால், அந்தப் பிள்ளை பின்னால் தினமும் புகைப்பவராக மாறும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. பாடத்தால் அசையாத எண், வீட்டால் அசைந்திருக்கிறது. 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011 கட்டுரை ஒன்றும் இதையே சொல்கிறது: வீட்டில் யாராவது புகைத்தால் பிள்ளையும் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது. கூடப் பிறந்தவர்கள் புகைத்தால் இரண்டு மடங்குக்கும் மேல். அப்பா, அம்மா இருவரும் என்றால் அதையும் தாண்டுகிறது. அண்ணன் பிடிப்பதைத் தம்பி பார்க்கிறான் என்பதை வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலேஜ் போகிற அண்ணனிடமும் தனியாகப் பேச வேண்டும்.

அப்படியானால் விட முடியாத அப்பாவுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் புகைக்கும் பெற்றோரையும் அவர்களுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து, 873 ஜோடிகளிடம் ஒரு முயற்சி நடந்தது. பாதிப் பேர் வீட்டுக்கு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் பயிற்சித் தாள்களை அஞ்சலில் அனுப்பினார்கள். மீதிப் பேருக்குப் புகையின் கெடுதல் பற்றிய தகவல் தாள்கள் மட்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, தகவல் மட்டும் போன வீட்டுப் பிள்ளைகளில் 19 சதவீதம் பேர் புகைத்துப் பார்த்திருந்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து பேசிய வீடுகளில் 12 சதவீதம். புகைக்கிற அப்பாவும் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. "நானே பிடிக்கிறேன், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவனுக்குப் புத்தி சொல்வேன்?" என்று பின்வாங்கும் அப்பாக்களிடம் நான் சொல்வது இதுதான்: வாயைத் திறங்கள். "அப்பா சின்ன வயசுல ஆரம்பிச்சுட்டேன்டா. இப்போ விட முடியாம கஷ்டப்படுறேன். நீ தொடாதே" என்று நேராகச் சொல்லுங்கள். இதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் அப்பாவை மட்டமாக நினைக்காது.

விட நினைப்பவர்களுக்குச் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. அரசு நடத்துவது. பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். யார் பெயரையும் சொல்ல வேண்டாம், வேண்டியவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

வீட்டுப் பேச்சில் நான் மிக முக்கியமாக நினைப்பது கடைக்கு அனுப்புவது. "டேய், ஓடிப்போய் ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா, மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்கிக்கோ." எத்தனை வீடுகளில் இது தினசரி நடக்கிறது! பெட்டிக்கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், எந்த பிராண்டு என்றுகூடக் கேட்க மாட்டார். கடை ஓரத்தில் புகைந்துகொண்டே தொங்கும் தீக்கயிறு அந்தப் பிள்ளையின் முக உயரத்தில் இருக்கும். பாட்டனாருக்கு வாங்கி வந்த கட்டிலிருந்து ஒன்றை உருவுவது பெரிய காரியமே இல்லை. அப்பா ஆசையாகக் கூப்பிட்டுக் கொடுக்கும் வேலை, முடித்தால் மிட்டாய் என்று ஆகும்போது, பீடியோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்து மனதில் படிகிறது. உங்கள் ஊர்ப் பெற்றோரிடம் ஒரே ஒரு வாக்குறுதி வாங்க முடியும் என்றால், பிள்ளைகளைப் புகையிலை வாங்க அனுப்பமாட்டோம் என்பதை வாங்குங்கள். அது யாருக்கும் செலவில்லாதது, யாரையும் அவமானப்படுத்தாதது.

அடுத்தது பள்ளி வளாகம். சுற்றுச்சுவர் இல்லாத, அல்லது தாண்டிக் குதிக்கும் உயரத்தில் சுவர் இருக்கும் பள்ளிகளில் ராத்திரி யார் வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை காலை வராந்தாவில் காலி பாட்டில், டம்ளர், சிகரெட் துண்டுகள். அதைக் கூட்டிப் பெருக்குவது பல இடங்களில் பிள்ளைகள். உங்கள் பையனுக்கு அந்தத் துண்டு பீடி எங்கே கிடைத்தது என்று விசாரித்தீர்களா? பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. வீட்டுத் திண்ணையிலோ, பள்ளி மூலையிலோ பொறுக்கியதாகத்தான் இருக்கும். காலையில் மணி அடிப்பதற்கு முன் ஒரு பெரியவர் வளாகத்தைச் சுற்றி வந்து துண்டுகளை அகற்ற வேண்டும். பிள்ளைகள் கையால் வேண்டாம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கழிப்பறைப் பின்புறம், சமையல்கூடச் சுவர் ஓரம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். கிராமசபைக் கூட்டத்தில் சுவரைக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள் யாருக்கும் விற்கக்கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். இதெல்லாம் சின்னத் தொகை என்பதால் பலர் மதிப்பதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு அப்படிப்பட்டதல்ல. பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மத்திய அரசின் புகையிலையில்லாக் கல்வி நிலைய வழிகாட்டுதலில், பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்தில் சாலையில் மஞ்சள் கோடு போடச் சொல்லியிருக்கிறது. ஒரு வாளி பெயின்ட் செலவு. அந்தக் கோடு போட்டபின் கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை, கோட்டைக் காட்டினால் போதும்.

கடைக்காரரிடம் முதலில் பேச்சு, பிறகு புகார் என்ற வரிசையே நல்லது என்று நினைக்கிறேன். அந்தக் கடையை நடத்துவது பல ஊர்களில் கணவனை இழந்த ஓர் அம்மாளாகவோ, வேறு வருமானமில்லாத பெரியவராகவோ இருக்கும். தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து போய், "அம்மா, நம்ம பிள்ளைங்க, பார்த்துக்கோங்க" என்று சொன்னால் கேட்பவர்களே அதிகம். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டியை வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பேசியும் கேட்காதவர் மேல் சுகாதார ஆய்வாளரிடமோ காவல் நிலையத்திலோ எழுத்தில் புகார் கொடுக்கத் தயங்கவேண்டாம். குட்கா, ஹான்ஸ் போன்றவை விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதுங்கள். 2013-லேயே தமிழ்நாடு இவற்றுக்குத் தடை போட்டது.

கடையில் இன்னொன்றும் கவனியுங்கள்: சிகரெட் மிட்டாய். நுனியில் சிவப்பு வைத்த வெள்ளைக் குச்சி. நாம் எல்லோரும் சின்ன வயதில் உதட்டில் வைத்து ஊதிக் காட்டியதுதான். அதைத் தின்றவன் எல்லாம் புகைப்பவன் ஆகிவிடுவான் என்று சொல்லவரவில்லை. ஆனால் விரலிடுக்கில் பிடிப்பது, உதட்டோரம் வைப்பது, தலையைத் தூக்கி ஊதுவது என்ற அத்தனை அசைவும் ஐந்து வயதில் கைக்கு வந்துவிடுகிறது. இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலேயே இப்படிப்பட்ட மிட்டாய், பொம்மைகளைத் தடுக்கச் சொல்லி ஒரு பிரிவு உண்டு. பள்ளிப் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னாலே போதும்.

புகை என்றால் பீடி, சிகரெட்டோடு நிற்கவும் வேண்டாம். உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கும் கூல் லிப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் பரவியிருப்பது பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுப் பேசியது. அதில் புகை இல்லை, நாற்றம் குறைவு, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். இ-சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் பேனா மாதிரி, ஹைலைட்டர் மாதிரி வருகிறது. நகரத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் இன்னொரு நிலைமை. அம்மா மடியில் முறம், முறத்தில் பீடி இலையும் தூளும். பிள்ளைக்குப் புகையிலை என்பது அம்மாவின் வேலை, வீட்டுச் சோறு. அங்கே போய் "பீடி கெட்டது" என்று ஒரே போடாகப் போட்டால் தன் அம்மாவைத் திட்டியதாகத்தான் அந்தப் பிள்ளைக்குப் படும். "அம்மா கஷ்டப்பட்டு உழைக்கிறாங்க. அந்தத் தூள் உடம்புக்கு ஆகாது, அதனால நீ தொடாதே, தொட்டா கையைக் கழுவு" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இனி வகுப்பறை. பாடம் தனியாக நின்றால் பலன் இல்லை என்றேன்; வீட்டோடும் பள்ளியோடும் சேர்ந்தால் பலன் உண்டு. அதே சென்னை, டெல்லி நகரங்களில் 32 பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் நடந்த மைத்ரி திட்டம் இதற்குச் சான்று. ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பில் தொடங்கினார்கள். மாணவர்களே முன்னின்று நடத்தும் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் எல்லாம் சேர்ந்தது. திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது.

தொடக்கப் பள்ளிக்கு இதை அப்படியே இறக்க வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு நுரையீரல் படமும் மூச்சும் போதும். நான்கு, ஐந்துக்கு ஒரு சோதனை: நின்ற இடத்திலேயே அரை நிமிடம் ஓடச் சொல்லி, உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்லுங்கள். சில நொடிகளில் விட்டுவிடுவார்கள். "புகைக்கிறவங்க ஓடினா இப்படித்தான் இருக்கும்" என்றால் போதும், கபடி ஆடும் பிள்ளைக்கு அது மறக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள். கணக்குப் பாடத்தில், ஒருவர் சிகரெட்டுக்கு நாளுக்கு 50 ரூபாய் செலவழித்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 18,250 என்று விடை வந்ததும், அதில் எத்தனை சைக்கிள் வாங்கலாம் என்று அவர்களே கணக்குப் போடுவார்கள்.

'பெரிய ஆள் என்றால் பிடிப்பார்' என்ற நினைப்பையும் உடைக்க வேண்டும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் புகைப்பவர்கள் 19 சதவீதம். ஐந்து பேரில் நான்கு பேர் பிடிப்பதில்லை. சினிமாவில் பார்ப்பதை வைத்துப் பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். ஊரில் அவர்களுக்குப் பிடித்த, புகைக்காத ஆண்களைப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்: பி.டி. சார், பால்காரர், மாமா. பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் புகையைக் குறைத்த வழியும் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து நான்காம் வகுப்பு ஒன்றில் சோதித்துப் பார்த்த விளையாட்டு அது. வகுப்பை அணிகளாகப் பிரித்து, பாட நேரத்தில் விதிமீறல் குறைவாக உள்ள அணிகளுக்கு எல்லாம் சின்னப் பரிசு. 1980-களில் பால்டிமோர் நகரத்து முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புகளில் இதை நடத்தி, அந்தப் பிள்ளைகளை வளரும்வரை தொடர்ந்தபோது, ஆண்பிள்ளைகளிடம் புகைக்கத் தொடங்குவது குறைந்திருந்தது. முரட்டுத்தனம் உள்ள பையன் வகுப்பில் ஓர் அணிக்கு வேண்டியவனாக ஆகும்போது, கழிப்பறைப் பின்புறம் போய்ச் சேர்ந்துகொள்ளும் தேவை அவனுக்குக் குறைகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இதற்குத் தனி நிதியோ ஆளோ வேண்டாம். நம் வகுப்புகளில் நாளைக்கே செய்யலாம்.

கடைசியாக, பிடிபட்ட உங்கள் பையன். பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி நிறுத்த வேண்டாம். டி.சி. என்று மிரட்ட வேண்டாம். ஒன்பது வயதில் 'பீடிக்காரன்' என்று பட்டப்பெயர் விழுந்தால் அதற்கேற்றபடியே நடந்துகொள்ளத் தொடங்குவான். தனியாக உட்கார வைத்து, எங்கே கிடைத்தது, யார் கூட இருந்தார்கள், எப்படி இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் "இருமல் வந்துச்சு டீச்சர்" என்பான். அந்த இருமலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "உன் உடம்பே வேணாம்னு சொல்லியிருக்கு பாரு." பெரிய பையன் யாராவது கொடுத்திருந்தால், அடுத்த முறை என்ன சொல்வது என்று அவனோடு நடித்தே பாருங்கள். "வேணாம்ண்ணா, எனக்கு மூச்சு வாங்கும், நான் விளையாடப் போறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக அவனுக்குப் பழக வேண்டும்.

வீட்டுக்குச் சொல்லும்போது அப்பா பெல்ட்டை எடுப்பவரா என்று முதலில் தெரிந்துகொண்டு, அப்படியென்றால் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டுப் பேசுங்கள். அடி வாங்கிய பையன் அடுத்த தடவை இன்னும் மறைவான இடம் தேடுவான், அவ்வளவுதான் நடக்கும். ஒரு மாதத்துக்கு அவனுக்கு மதிய இடைவேளையில் ஒரு பொறுப்பு கொடுங்கள், பந்து எடுத்துக் கொடுப்பதோ, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கை கழுவ அழைத்துப் போவதோ. நிஜமாகவே அவன் தேவைப்படுகிற வேலையாக இருக்கட்டும்.

அவன் அடுத்த ஆண்டு ஐந்து முடித்துப் பெரிய பள்ளிக்குப் போவான். அந்தக் கோடை விடுமுறையும் ஆறாம் வகுப்பின் முதல் சில மாதங்களும்தான் இதுவரை தொடாத பிள்ளைகளுக்கும் ஆபத்தான காலம். விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் பள்ளியில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம், பையன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல், "இவனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டில் சேருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.